கறுப்புச் சாயத்துக்குள் ஒளிந்திருந்த நஞ்சு

பருத்தித் துணிக்கு நல்ல கறுப்பு ஏற்றுவது ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. கடுக்காய்ச் சாற்றிலும் இரும்பு உப்பிலும் மாறிமாறி நனைத்தே அந்த நிறத்தைப் பெற்றார்கள். 1884ஆம் ஆண்டில் இந்த நிலை மாறத் தொடங்கியது. ஜேர்மனியில் பாயர் நிறுவனத்தில் பணியாற்றிய பவுல் போட்டிகர் என்ற இரசாயனவியலாளர், பென்சிடின் என்னும் பொருளிலிருந்து கொங்கோ சிவப்பு என்ற சாயத்தை உருவாக்கினார். வேறெந்தத் துணைப்பொருளும் இன்றி, வெந்நீரில் கரைத்த மாத்திரத்தே பருத்தியைப் பற்றிக்கொண்ட சாயம் அது. அதன் உரிமையை அக்பா நிறுவனம் வாங்கியது. அதே பென்சிடினிலிருந்து பின்னர் நீலம், பழுப்பு, கறுப்பு என ஒரு பெருங்குடும்பமே பிறந்தது. அவற்றுள் 'டைரக்ட் பிளாக் 38' என்று பட்டியலிடப்பட்ட கறுப்பு, துணி, தோல், காகிதம் என எங்கும் புகுந்தது. மலிவும் எளிமையுமே அதன் பலம்.

இதற்கிடையில், 1895இல் பிராங்க்பேர்ட் நகரின் அறுவைச் சிகிச்சை நிபுணர் லூட்விக் ரேன், மெஜந்தா சாயம் தயாரித்த 45 தொழிலாளரில் மூவருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இருப்பதாக அறிவித்தார். அவர் சந்தேகித்தது அனிலினை. உண்மையான குற்றவாளிகள் பிறகே அடையாளம் காணப்பட்டனர். 1921இல் ஜெனீவாவிலிருந்து சர்வதேசத் தொழில் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை பென்சிடினையும் பீற்றா நப்தைலமினையும் சுட்டிக்காட்டிற்று. பிரித்தானியா பென்சிடினைத் தடைசெய்ததோ 1967இல்தான். "மேலும் ஆய்வு தேவை" என்ற வாசகத்தை எத்தனையோ அறிக்கைகளில் படித்துச் சலித்தவன் நான்; ஆயினும் அறிக்கைக்கும் தடைக்கும் இடையே கழிந்த அந்த 46 ஆண்டுகள் என்னையும் திகைக்க வைக்கின்றன.

பென்சிடின் தடைப்பட்டாலும் அதிலிருந்து செய்த சாயம் தப்பித்துக்கொண்டது. சாயமாகிவிட்ட பின் பென்சிடின் அதனுள் பிணைந்து கிடக்கிறது, ஆகவே தீங்கில்லை என்பதே நெடுங்காலம் நிலவிய எண்ணம். அந்தப் பிணைப்பை உடலே அவிழ்த்துவிடும் என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. குடலில் வாழும் பக்ரீரியாக்களும் ஈரலின் நொதியங்களும் சாய மூலக்கூற்றை உடைத்து, பென்சிடினை விடுவிக்கின்றன. 1975இல் குரங்குகளுக்கு இச்சாயங்களை ஊட்டிய ஆய்வாளர்கள் அவற்றின் சிறுநீரில் பென்சிடினைக் கண்டனர். 1978இல் அமெரிக்காவில் டைரக்ட் பிளாக் 38 ஊட்டப்பட்ட எலிகளுக்குப் பதின்மூன்றே வாரங்களில் ஈரலில் புற்றுநோய் தோன்றியது. சாயத் தொழிலாளரின் சிறுநீரிலும் பென்சிடின் அகப்பட்டது.

இவை யாவற்றுக்கும் முன்னரே, 1971இல், யப்பானின் கியோத்தோ நகரத்து மருத்துவர்கள் எழுதிய செய்தி ஒன்று உண்டு. கிமோனோ துணியில் சித்திரம் தீட்டுவோரிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மிகுந்திருப்பதை அவர்கள் கண்டனர். தூரிகையின் நுனியைக் கூராக்க அதை நாவால் நனைப்பது அக்கலைஞர்களின் வழக்கம். நுணுக்கமாகத் தீட்டுவதற்கென்றே பழகிய அந்தப் பழக்கத்தால், பென்சிடின் சாயம் துளித்துளியாக வயிற்றுக்குள் சென்றது.

ஜேர்மனி 1994இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2002இலும் இத்தகைய அசோ சாயங்களுக்குத் தடை விதித்தன. உடலில் பென்சிடினாக மாறும் சாயங்களை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது 2008இல். எமது ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் உடுப்புகளுக்கும் அந்த ஒன்றியத்தின் விதி பொருந்தும்: ஒரு கிலோகிராம் துணியில் பென்சிடின் 30 மில்லிகிராமைத் தாண்டலாகாது. ஆனால் அங்கே பரிசோதிக்கப்படுவது முடிந்த உடுப்பு மட்டுமே. சாயத்தொட்டியருகே நிற்பவரின் சிறுநீரை அந்த விதி கேட்பதில்லை.