பட்டியல் சொன்னதும் சொல்லாததும் - 1960களின் இறுதி ஆல்பங்கள்

1960களின் இறுதிக்கால மேற்கத்திய இசை என்றால் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது பீட்டில்ஸ், ஜிமி ஹென்ட்ரிக்ஸ், நீண்ட தலைமுடி, எலெக்ட்ரிக் கிடார். ஆனால் அன்றைய ஆல்பம் விற்பனைப் பட்டியல்களைப் புரட்டினால் கிடைக்கும் படம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் இங்கிலாந்து. 1965, 1966, 1968 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அங்கே அதிகம் விற்ற ஆல்பம் எந்த ராக் குழுவினுடையதும் அல்ல. 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தின் பாடல் தொகுப்புதான்! மொத்தம் 70 வாரங்கள் அது முதலிடத்தில் இருந்தது. 1967இல் வந்த பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' தொடர்ந்து 23 வாரங்கள் முதலிடத்தைப் பிடித்து வைத்திருந்தது. அதன் பிறகு அந்த இடத்துக்கு மறுபடியும் வந்தது ஜூலி ஆண்ட்ரூஸின் குரல்தான். காரணம் எளிது. சிங்கிள் எனப்படும் சின்ன இசைத்தட்டை வாங்கியவர்கள் இளைஞர்கள். விலை அதிகமான எல்.பி. தட்டைக் குடும்பமே சேர்ந்து கேட்பதற்காகப் பெற்றோர்களும் வாங்கினார்கள். இளைஞர்களின் புரட்சியும் பெற்றோரின் ரசனையும் ஒரே பட்டியலில் போட்டி போட்டன.

அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டின் நாயகர்கள் 'தி மங்கீஸ்'. தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காகத் தேர்வு செய்து உருவாக்கப்பட்ட நால்வர் குழு இது. இவர்களுடைய முதல் இரண்டு ஆல்பங்களில் பெரும்பாலான வாத்தியங்களை வாசித்தவர்கள் ஸ்டுடியோ கலைஞர்கள். ஆனாலும் அந்த இரண்டும் சேர்ந்து, 1966 நவம்பர் முதல் தொடர்ந்து 31 வாரங்கள் பில்போர்ட் பட்டியலின் உச்சியில் இருந்தன. "நாங்களே வாசிக்கிறோம்" என்று போராடி உரிமை பெற்று அவர்கள் வெளியிட்ட மூன்றாவது ஆல்பம் 'ஹெட்குவார்ட்டர்ஸ்' முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். அடுத்த வாரம் சார்ஜன்ட் பெப்பர் வந்துவிட்டது! அந்த ஆல்பம் அமெரிக்காவில் 15 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. நம் நாட்டு தில்ருபாவும் தபலாவும் ஒலிக்கும் ஜார்ஜ் ஹாரிசனின் பாடல் ஒன்றும் அதில் உண்டு.

இன்னொரு வேடிக்கை. 1968ஆம் ஆண்டு முழுமைக்குமான பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பெற்றது ஹென்ட்ரிக்ஸின் 'ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்டு'. 1969இல் அந்த இடம் அயர்ன் பட்டர்ஃப்ளை குழுவின் ஆல்பத்துக்கு. ஆனால் வாராந்திரப் பட்டியலில் முன்னது 5ஆம் இடத்தையும் பின்னது 4ஆம் இடத்தையும் தாண்டியதே இல்லை. வேகமாக ஓடியவர்களை மெதுவாக, நிற்காமல் நடந்தவர்கள் முந்திய கதை இது.

இந்தப் பட்டியல்கள் எப்படித் தயாராயின? அன்று பார்கோடு கிடையாது, கணினிக் கணக்கும் கிடையாது. எது நன்றாக விற்கிறது என்று கடைக்காரர்கள் சொன்னதை வைத்தே அமெரிக்கப் பட்டியல் தொகுக்கப்பட்டது. உண்மையான விற்பனை எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடும் முறை பில்போர்டுக்கு வந்தது 1991இல்தான். எந்தெந்தக் கடைகளைக் கேட்டார்கள், கடைக்காரர் எதைச் சொன்னார், எதை விட்டார் என்பதெல்லாம் முடிவைப் பாதித்தன. கறுப்பின மக்களின் இசைக்குத் தனிப் பட்டியலே இருந்தது. 1967 டிசம்பரில் விமான விபத்தில் இறந்த ஓடிஸ் ரெட்டிங்கின் 'தி டாக் ஆஃப் தி பே' ஆல்பம், 1968இல் அவருடைய சொந்த நாட்டுப் பொதுப் பட்டியலில் 4ஆம் இடம் வரைதான் போனது. முதலிடம் கிடைத்தது இங்கிலாந்தில்.

கடைசியாக ஒரு தோல்விக் கதை. 1967 மார்ச்சில் வெளிவந்த 'தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிக்கோ' அன்று பில்போர்டில் தொட்ட உச்சபட்ச இடம் 171! கடைகளில் அதைச் சீண்ட ஆளில்லை. ஆனால் பின்னால் வந்த எத்தனையோ ராக் குழுக்களுக்கு அதுதான் பாடப்புத்தகம் ஆனது. 2020இல் ரோலிங் ஸ்டோன் இதழ் வெளியிட்ட தலைசிறந்த 500 ஆல்பங்களின் வரிசையில் சார்ஜன்ட் பெப்பருக்கு 24ஆம் இடம். அதற்கு ஒரு படி மேலே, 23ஆம் இடத்தில், அந்த 171ஆம் இடத்து ஆல்பம்!

ஒரு வாரத்தில் மக்கள் எதை வாங்கினார்கள் என்பதைத்தான் விற்பனைப் பட்டியல் சொல்லும். எதை வைத்துக்கொண்டார்கள் என்று சொல்ல ஐம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.