ஆகாரமும் கடனும்: நெல் நாட்டில் ஒரு ஜெபம்

கிறிஸ்தவர்களில் எந்தச் சபையாராக இருந்தாலும் மனப்பாடமாகத் தெரிந்த ஜெபம் ஒன்று உண்டு. இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. எங்களைப் போன்ற லுத்தரன் வீடுகளில் அதைப் பரமண்டல ஜெபம் என்போம். தெருவின் மறுபக்கத்தில் இருந்த கத்தோலிக்க வீடுகளில் பரலோக மந்திரம் என்பார்கள். நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடம் தஞ்சாவூர்ச் சீமையில் மூன்று நூற்றாண்டுகளாக வீடுகளுக்குள் என்ன வேலை செய்தது என்பதைப் பற்றி எழுத வெகுநாளாக ஆசை.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1542இல் இந்தியா வந்த பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக் கரையில் வேலையைத் தொடங்கியபோது, உள்ளூர்க்காரர்களின் உதவியோடு இந்த ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். படித்ததை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவாராம். ஆக, இந்த ஜெபம் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று குழந்தைகளின் வாய். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியபோது, தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமே ஒரு ஜெபப் புத்தகமாக அமைந்தது.

எங்கள் பக்கத்துக் கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. தஞ்சை நாயக்கர் ரகுநாதர் காலத்தில், 1620இல், டென்மார்க்காரர்கள் அங்கே இடம் வாங்கிக் கோட்டை கட்டினார்கள். 1706 ஜூலையில் சீகன்பால்க் வந்து இறங்கினார். 1715இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி முடிந்தது. அதோடு மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தையும் அவர் தமிழாக்கினார். லுத்தர் அந்தச் சிறு புத்தகத்தைக் குருமார்களுக்காக மட்டும் எழுதவில்லை. ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு இதை எளிமையாகக் கற்பிக்க வேண்டும் என்று குறித்திருக்கிறார். கோயிலில் சொல்லும் ஜெபம் அடுப்படிக்கு வந்தது அப்படித்தான்.

அன்றன்றைய ஆகாரத்தைக் கேட்கும் வரிக்கு லுத்தர் சொல்லும் விளக்கத்தைச் சிறுவயதில் ஒப்பித்திருக்கிறேன். ஆகாரம் என்றால் சாப்பாடு மட்டும் இல்லையாம். உடுப்பு, செருப்பு, வீடு, வயல், மாடு, நல்ல மனைவி மக்கள், நல்ல ஆட்சி, நல்ல பருவநிலை, சமாதானம், நல்ல அயலார் எல்லாம் அதில் அடக்கம் என்று பட்டியல் போடுகிறார். ஜெர்மன்காரருக்காக எழுதியது. ஆனால் காவிரிப் பாசனக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு ஜூன் 12 என்ற தேதி எங்கள் ஊர்களில் தீபாவளி மாதிரி. அன்று தண்ணீர் திறந்தால்தான் குறுவை. திறப்பது ஆட்சி, பெய்வது வானம். திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வது தலைமடைக்காரரின் நல்ல மனசு. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் ஊரில் அயலார் நல்லவராக இல்லாவிட்டால் ஆகாரம் இல்லை. லுத்தரின் பட்டியலில் ஒன்று தவறினாலும் உலையில் அரிசி விழாது.

இந்த வரி வெறும் வார்த்தையாக நிற்காமல் நடந்து காட்டிய ஒரு சம்பவம் தஞ்சாவூர்க் கோட்டைக்குள்ளேயே உண்டு. 1780இல் ஹைதர் அலி கர்நாடகத்தின் மேல் படையெடுத்தார். அடுத்த வருஷம் தஞ்சைச் சீமையில் வயல்கள் அழிந்தன, மாடுகள் ஓட்டிச்செல்லப்பட்டன, குடியானவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். கோட்டைக்குள் பஞ்சம். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. கொண்டுவர மாடு இல்லை. மாடு வைத்திருந்தவர்களும் வரத் தயாரில்லை. முன்பு அப்படிக் கொண்டுவந்தபோது கூலி ஒழுங்காகக் கிடைக்காமல் ஏமாந்தவர்கள் அவர்கள். அரண்மனையின் வாக்கும் செல்லவில்லை, ஆங்கிலேயரின் வாக்கும் செல்லவில்லை. கடைசியில், சுவார்ட்ஸ் ஐயர் சொன்னால் நம்புவார்களா பார்ப்போம் என்று அவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் 1726இல் பிறந்து, 1750இல் தரங்கம்பாடி வந்து, திருச்சியிலும் தஞ்சையிலும் ஊழியம் செய்தவர். கூலிக்குத் தான் பொறுப்பு என்று அவர் ஊர்களுக்குச் சொல்லி அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகளுக்கு மேல் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. கலம் என்றால் பன்னிரண்டு மரக்கால். வந்தவர்களுக்கு வாக்குக் கொடுத்தபடி கூலியும் கொடுத்தார். பின்னர் ஒருமுறை, அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் ஊரை விட்டுப் போயிருந்த குடியானவர்கள் 7,000 பேர் அவர் பேச்சை நம்பித் திரும்பி வந்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது.

1798இல் சுவார்ட்ஸ் இறந்தார். அவர் வளர்த்து ஆளாக்கிய சரபோஜி மன்னர், லண்டனில் ஜான் பிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் பளிங்குச் சிற்பம் ஒன்று செய்து வரவழைத்தார். சிவகங்கைக் குளத்தருகே உள்ள கோயிலில் அது இன்றும் இருக்கிறது. மரணப் படுக்கையில் இருக்கும் குருவின் கையை ராஜா பிடித்துக்கொண்டு நிற்கிறார். தஞ்சாவூர் வரும் உறவினர்களைப் பெரிய கோயில் பார்த்த கையோடு அங்கேயும் அழைத்துப்போவது என் வழக்கம்.

ஆகாரத்துக்கு அடுத்த வரி மன்னிப்பு. இங்கே ஒரு சொல் வித்தியாசம். எங்கள் வேதாகமத்தில் மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் இருப்பது 'கடன்' என்ற சொல். கத்தோலிக்கர்கள் சொல்லும் ஜெபத்தில் தீமை, பாவம் என்ற சொற்கள் வரும். மூலமான கிரேக்கத்திலேயே மத்தேயுவில் கடன் என்றும் லூக்காவில் பாவம் என்றும் இருப்பதால் இரண்டும் சரிதான். ஆனால் தஞ்சைச் சீமையில் கடன் என்ற சொல்லுக்கு இருக்கிற கனம் வேறு எதற்கும் கிடையாது. பண்ணையாள் முறையே கடனில் கட்டிய முடிச்சு. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சில கலம் நெல்லுக்காகத் தகப்பனும் அவன் பிள்ளையும் ஒரே பண்ணையில் உழைத்தார்கள். 1952இல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்த முடிச்சு தளரத் தொடங்கியது. தளர்ந்ததே தவிர அவிழவில்லை. கூலி நெல் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு நடந்த போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். அது கிறிஸ்துமஸ் இரவு. எங்கள் மாவட்டமெங்கும் கோயில்களில் அன்று இந்த ஜெபத்தைச் சொல்லியிருப்பார்கள். அப்போது நான் கல்லூரி மாணவன். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அப்பா அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஆகார வரிக்கு வந்ததும் நிறுத்தி, சற்று நேரம் கழித்துத்தான் தொடர்ந்தார்.

அப்பா கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அக்கம்பக்கத்துக் குத்தகை விவசாயிகளுக்கு விதை நெல்லுக்கும் உரத்துக்கும் கைமாற்றாகக் கொடுப்பார். வட்டி கிடையாது. ஆனால் ஒரு நாற்பது பக்க நோட்டில் கணக்குச் சுத்தமாக இருக்கும். 1977 நவம்பர் 12 புயலில் எங்கள் பக்கம் சம்பா முழுக்கத் தண்ணீரில் படுத்துவிட்டது. அந்த நோட்டில் அப்போது மூன்று பேர் பெயரில் பெரிய தொகை நின்றது. அது அக்காவின் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த பணம்.

ஒரு ராத்திரி ஜெபம் முடிந்து எழுந்திருக்கும்போது அம்மா கேட்டார்: "என்னங்க, தினம் இதைச் சொல்றோமே, அந்த நோட்டுக்கும் இது பொருந்துமா?"

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. அவருக்குக் கோபம் வந்ததுபோலத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து நோட்டை எடுத்து மூன்று பக்கத்திலும் 'தீர்ந்தது' என்று எழுதித் தேதி போட்டார். அக்காவின் கல்யாணம் ஒன்றரை வருஷம் தள்ளிப்போனது. அம்மாவின் வளையல் இரண்டு உருகியது. கடனை மன்னிப்பது என்றால் அந்தக் கடன் காற்றில் கரைந்துவிடுவதில்லை. மன்னித்தவர் வீட்டில் யாரோ அதைக் கட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் அதிகம் கட்டியது அக்கா. "என்னைக் கேட்காம எழுதினீங்க, கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்று அவர் அப்பாவிடம் ஒருமுறை சொன்னார். அப்பா தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

அந்த மூவரில் இரண்டு பேர் அடுத்த அறுவடைகளில் முடிந்ததைக் கொண்டுவந்து வைத்தார்கள். மூன்றாமவர் எங்களைக் கண்டால் வாய்க்காலின் அந்தக் கரைக்குப் போய்விடுவார். அப்பாதான் பாலம் தாண்டிப் போய், "மாடு எப்படி இருக்கு, கன்னு போட்டுதா?" என்று கேட்டுவிட்டு வருவார். அது சரியாகச் சில வருஷம் ஆனது.

இந்த ஜெபத்தில் 'நான்', 'என்' என்ற சொல்லே கிடையாது. தொடக்கம் முதல் கடைசி வரை 'எங்கள்', 'எங்களுக்கு'தான். தமிழில் 'நம்' என்றும் 'எங்கள்' என்றும் இரண்டு சொல் இருப்பது ஒரு சௌகரியம். கேட்கிறவரையும் சேர்த்தால் நம். அவரை விட்டுச் சொன்னால் எங்கள். கடவுளிடம் கேட்கும்போது எங்கள் என்றுதான் வரும், இலக்கணம் சரி. ஆனால் அந்த எங்களுக்குள் யார் யார் என்பதை இலக்கணம் சொல்லாது. வீட்டில் இருக்கும் ஐந்து பேரா, தெருவா, கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருப்பவரும் உண்டா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தானே முடிவு செய்துகொள்கிறது.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அதற்கு ஒரு சின்ன அளவுகோல் இருந்தது, பிடியரிசிப் பானை. உலைக்கு அரிசி களையும் முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாகப் போடுவார்கள். மாதக் கடைசியில் அது கோயிலுக்கோ, வேலை கிடைக்காத வீட்டுக்கோ போகும். ஆகஸ்ட் கடைசியில் காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிறவர்களுக்கு எங்கள் தெருவில் கஞ்சி காய்ச்சுவதும் அந்த அரிசியில்தான். எதிர்வீட்டு இந்துக் குடும்பத்தார் மோர் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

இப்போது பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீடியோ அழைப்பில் குடும்ப ஜெபம் நடக்கிறது. பேரன் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, இருவரும் ஒரே சமயத்தில் முடிக்க மாட்டோம். போன வாரம் அவன் 'கடன்' வரியைக் கேட்டுவிட்டு, "தாத்தா, யாருக்குக் கடன் குடுத்தீங்க?" என்றான். அப்பாவின் நோட்டு அக்கா வீட்டில் இன்னும் இருக்கிறது. அடுத்த தடவை அவன் வரும்போது எடுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.