உள்ளங்கையில் எழுதிய பரிசு

காசில்லாப் பரிசு நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்னை மாகாணத்துப் பெல்லாரி மாவட்டக் கலெக்டர் காம்பெல், ஆங்கிருந்த திண்ணைப் பள்ளிகளைப் பற்றி 1823-இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். காலையில் முதலில் வந்த மாணவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்பெற்றது. இரண்டாமவனுக்கு, புகழும் இகழும் இன்றெனச் சுழி. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி. பின்வந்தோர்க்கு ஒவ்வோர் அடி கூடிற்று.

அத்தகைய திண்ணைகளில் நம் முன்னோர்க்குப் பெரும்பாலும் இடமில்லை; தீண்டாமை தடுத்தது. அவர்தம் கைகள் உழைப்பின் காய்ப்பையே கண்டன.

புதுவையில் ஆசிரியப் பணியில் யான் கண்டது ஒன்று: நன்னடத்தையுள்ள பிள்ளையின் பெயரைக் கரும்பலகையில் எழுதின், மறுநாள் வகுப்பே திருந்தும். மதிப்பின்றி அழைக்கப்பட்ட சமுதாயத்திற்கு, பெயர் எழுதப்படுதலே பெரும்பரிசு. சிறுவர்க்குப் பாடம் சொல்லும் இளைஞர்களே, பழைய திண்ணையின் பிரம்பை விடுங்கள், எழுத்தைக் கொள்ளுங்கள்.