ஒரு நஞ்சும் பல பெயர்களும்

கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் பொல்பிட்டியவை அண்டிய மலைச்சாரலில் கலந்து களனி கங்கையாகின்றன. அக்கங்கையின் நீரையே அம்பத்தளையில் வடித்தெடுத்துக் கொழும்பு மாநகர் பருகுகின்றது. அவ்விரு ஆறுகளும் இறங்கிவரும் வழியெங்கும் தேயிலை மலைகள். அங்கே களையைக் கொல்வதற்கும், பூச்சியைக் கொல்வதற்கும், இலைநோயை அடக்குவதற்கும் தெளிப்பவை வெவ்வேறு பொருள்கள். ஆயினும் தொழிலாளர் நாவில் அவை அனைத்துக்கும் பெயர் ஒன்றே: 'மருந்து'. உயிர் காப்பது மருந்து, உயிர் போக்குவது நஞ்சு எனப் பிரித்தறிந்த தமிழ், மருந்தடித்தல் என்னும் சொல்லில் அவ்வேறுபாட்டை இழந்து நிற்கின்றது.

ஒரு பொருளுக்குப் பல பெயர் அமைவது புதிதன்று. மயில்துத்தம், துரிசு என்று சித்த வைத்தியர் வழங்கியதையே வேதியியலார் செப்புச் சல்பேற்று என்றனர். 1946ஆம் ஆண்டில் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது, செம்பு கலந்த தெளிப்புகளே பெரிதும் கைகொடுத்தன. அதன்பின் வந்த நஞ்சுகளோ வைத்தியர் அறியாதவை; அவற்றின் பெயர்களும் ஊர் அறியாதவை.

பரகுவாட் என்னும் களைநாசினியின் கதை இதற்குத் தக்க சான்று. 1882ஆம் ஆண்டிலேயே அது ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டது. 1933ஆம் ஆண்டில், ஊதா நீலமாக நிறம் மாறும் இயல்பினால், மெதைல் வயலஜன் என்ற பெயருடன் ஆய்வாளருக்குப் பயன்பட்டது. களையைக் கொல்லும் அதன் ஆற்றல் 1955இல் வெளிப்பட்டது. 1962இல் கிராமக்சோன் என்ற வணிகப் பெயருடன் சந்தைக்கு வந்தது. ஆய்வாளருக்கு ஒரு பெயர், வேளாண்மையாளருக்கு ஒரு பெயர், வணிகருக்கு ஒரு பெயர், நஞ்சு ஒன்றே. விழுங்கியவரை மீட்கும் முறிமருந்து அதற்கு இன்றளவும் இல்லை.

பெயரறியாமையும் கவனக்குறைவும் சேர்ந்தால் விளைவு யாது என்பதைக் கேரளம் 1958இல் கண்டது. ஃபொலிடோல் என விற்கப்பட்ட பரத்தியன் என்னும் பூச்சிநாசினி உணவுப் பொருளோடு ஒரே கப்பலில் ஏற்றிவரப்பட்டுக் கசிந்தது. அவ்வுணவை உண்டோரில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்தியாவின் பூச்சிநாசினிச் சட்டம் 1968இல் பிறந்தமைக்கு அத்துயரும் ஒரு காரணமாகும்.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் பீடைநாசினிகளைப் பதிவுக்கு உட்படுத்தியது. பரகுவாட் 2008 முதல் படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டு, 2011இல் முற்றாக விலக்கப்பட்டது. விலக்கப்படுவது வணிகப் பெயரன்று, பொருளே என்பதை இங்கு உணர வேண்டும். பெயர் மாறி வரும் போத்தலுக்குள் பழைய நஞ்சே இருக்கக்கூடும்.

அதனைக் கண்டறியும் வழி யாது? சுட்டுத்துண்டில் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். அதன்கீழே சிறிய எழுத்தில், நூற்றுவீதத்துடன் குறிக்கப்படும் செயற்படு பொருளின் பொதுப்பெயரே உண்மைப் பெயர். அதற்கும் மேலாக, 1965இல் அமெரிக்காவில் தொடங்கிய வேதிப்பொருட் பதிவேடு ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் வழங்கியுள்ளது. பரகுவாட் இருகுளோரைட்டின் எண் 1910-42-5. மொழி மாறினாலும் நிறுவனம் மாறினாலும் அவ்வெண் மாறாது. அதைக் கொண்டு தேடினால், பதினாறு பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாளை அடையலாம். முதலுதவி நான்காம் பகுதியிலும், அணியவேண்டிய காப்புடை எட்டாம் பகுதியிலும் சொல்லப்பட்டிருக்கும்.

ஆனால், களஞ்சியத்தில் பெருங்கலத்திலிருந்து சிறு போத்தலுக்கு நஞ்சு மாற்றப்படும் கணத்திலேயே பெயரும் எண்ணும் தொலைந்துவிடுகின்றன. முதுகில் தெளிகருவி சுமந்து மலையேறுபவர் கையில் எஞ்சுவது 'மருந்து' என்னும் ஒரு சொல் மட்டுமே. மயங்கி விழுந்தவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வோர் சுட்டுத்துண்டையும் உடன் கொண்டுசென்றால், வைத்தியர் நோயாளியின் முகம் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. கொழும்புத் தேசிய வைத்தியசாலையின் நச்சுத் தகவல் நிலையத்திடம் பெயர் சொல்லிக் கேட்கலாம். நஞ்சின் பெயரை அறிவது கற்றோர்க்கு மட்டும் உரிய கல்வியன்று. அதனைச் சுமப்பவரின் முதல் உரிமை அது.