கைபேசி கன்ட்ரோலரும் கையடக்கக் கன்சோலும்: பெங்களூரு

கைபேசி கன்ட்ரோலர் என்பது, தொடுதிரையில் விரலால் தேய்த்து ஆடும் விளையாட்டைப் பொத்தானும் குச்சியும் கொண்டு ஆட உதவும் தனிக்கருவி. ப்ளூடூத்தில் இணைவதும் உண்டு, போனின் டைப்-சி துளையில் நேராகச் செருகுவதும் உண்டு. திரையும் பொத்தான்களும் ஒரே உடலில் அமைந்தால் அது கையடக்கக் கன்சோல். இந்தியாவில் இரண்டும் இன்னும் சிறுபான்மையோரின் கருவிகள்தான். அதற்குக் காரணம் விலை மட்டுமல்ல என்பது, விளையாட்டு நிறுவனங்கள் குவிந்திருக்கும் பெங்களூரைப் பார்த்தால் புரியும்.

இந்நகரத்துக்கும் கன்சோலுக்கும் உள்ள உறவு பழையது. 1997-இல் ராஜேஷ் ராவ் இங்கே தொடங்கிய துருவா இன்டராக்டிவ், இந்தியாவின் முதல் விளையாட்டு உருவாக்க நிறுவனங்களில் ஒன்று. ‘ஃபோர்ஸா’ போன்ற எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்கான ஓவிய வேலைகள் இங்கே நடந்தன. 2019-இல் அதை ராக்ஸ்டார் கேம்ஸ் வாங்கித் தன் பெங்களூருப் பிரிவோடு இணைத்தது. உலகமெங்கும் கன்ட்ரோலர் பிடித்து ஆடுவோருக்காக இங்குள்ள கலைஞர்கள் உழைக்க, நம் நாட்டு ஆட்டக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் போனை மட்டுமே வைத்து ஆடுகிறார்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொரு முன்னோடியும் இங்கே பிறந்ததே. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனமும் சேர்ந்து திட்டமிட்ட கையடக்கக் கணினி ‘சிம்ப்யூட்டர்’. அதன் ‘அமிடா’ வடிவத்தை பிகோபெட்டா நிறுவனமும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் 2004 மார்ச்சில் சந்தைக்குக் கொண்டுவந்தன. லினக்ஸில் ஓடிய அந்தக் கருவிக்குள் அசைவை உணரும் சென்சார் இருந்தது. கருவியைச் சாய்த்தோ அசைத்தோ கட்டளை தரலாம். ஐபோன் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முந்தைய நிலை இது. விலை சுமார் பத்தாயிரம் ரூபாயில் தொடங்கியது. விற்றதோ சில ஆயிரம் மட்டுமே. கிராமத்து மக்களுக்கான மலிவுக் கணினி என்றே அது நினைவுகூரப்படுகிறது. கையசைவையே உள்ளீடாக்கிய துணிவுக்காகவும் அதைப் போற்ற வேண்டும்.

போனுக்குத் தனிப் பொத்தான் ஏன் தேவை? தொடுதிரையில் கட்டைவிரல்கள் காட்சியின் ஒரு பகுதியை மறைக்கின்றன. எந்த இடத்தில் அழுத்துகிறோம் என்பதை விரலால் உணரவும் முடியாது. கன்ட்ரோலரில் இரண்டு சிக்கலும் இல்லை. சுட்டுவிரல்களுக்கும் வேலை கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு 2011-இலேயே கேம்பேடுகளை ஏற்கத் தொடங்கியது. ஐபோனில் 2013-இல் ஆப்பிள் சான்றளித்த கருவிகளுக்கு மட்டும் வழி பிறந்தது. 2019 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 13-க்குப் பிறகே பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர்களை நேரடியாக இணைக்க முடிந்தது. அடுத்த ஆண்டு ரேசர் கிஷி, பேக்போன் ஒன் போன்றவை வந்தன: போனை நடுவில் பொருத்தி இருபுறமும் பிடித்துக்கொள்ளும் வகை. இவற்றில் ப்ளூடூத் இல்லாததால் தாமதம் குறைவு.

ஆனால் கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதை ஏற்பதா என்று முடிவெடுப்பது விளையாட்டுதான். 2019 அக்டோபரில் வெளியான ‘கால் ஆஃப் டியூட்டி: மொபைல்’ மறு மாதமே கன்ட்ரோலரை ஏற்றது. பொத்தான் வைத்திருப்பவருக்குக் கூடுதல் அனுகூலம் கிடைக்கக் கூடாதென்று, அவர்களை அவர்களோடே மோதவும் விட்டது. நியாயமான ஏற்பாடு.

‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’வின் கதை வேறு. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்ட பின், 2021 ஜூலை 2 அன்று கிராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்கென வெளியிட்ட விளையாட்டு இது. கிராஃப்டனின் இந்தியக் கிளை பெங்களூரைச் சேர்ந்தது. 2022 ஜூலையில் இதற்கும் தடை வந்தது. 2023 மே மாதம் மீண்டது. இந்த ஆட்டம் தொடுதிரைக்கு மட்டுமே உரியது. பொத்தான் அழுத்தத்தைத் திரைத் தொடுதலாக மாற்றிக்காட்டும் ‘மேப்பர்’ செயலிகள் புழங்குகின்றன. ஆனால் அப்படி ஆடுபவரின் கணக்கு முடக்கப்படலாம். அதனால்தான் நம் ஊர் இளைஞர்கள் வேறு வழியில் தேறினார்கள்: நான்கு விரல்களை வளைத்துத் திரையில் ஊன்றி ஆடும் ‘கிளா’ பிடி, வியர்வையால் விரல் வழுக்காமலிருக்க மின்கடத்தும் இழை கோத்த விரலுறை, குறிபார்க்க போனையே அசைக்கும் கைரோஸ்கோப். சில பத்து ரூபாயில் கிடைக்கும் விரலுறையோடு கன்ட்ரோலர் போட்டியிட வேண்டியிருக்கிறது என்பதே இங்குள்ள சந்தை நிலவரம்.

கன்ட்ரோலரை மறுக்கும் விளையாட்டு சிலரை முற்றிலுமாக வெளியே நிறுத்திவிடுகிறது. விரல்களை நுட்பமாக அசைக்க இயலாதவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் 2018-இல் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரை வெளியிட்டது. பெரிய பொத்தான்கள், கால்மிதி என்று தேவைக்கேற்ப இணைத்துக்கொள்ளலாம். ஐஓஎஸ் 14 அதையும் ஏற்கிறது. விளையாட்டு ஏற்காவிட்டால் அந்த ஏற்பாடு முழுவதும் வீண். போட்டி நேர்மையைக் காக்க இவர்களையும் சேர்த்துத் தடுக்க வேண்டியதில்லை. கன்ட்ரோலர் பிடிப்பவர்களைத் தங்களுக்குள் மோதவிட்டாலே போதும் என்பதற்கு ‘கால் ஆஃப் டியூட்டி: மொபைல்’ சான்று.

கையடக்கக் கன்சோல்களில் அசுஸ் ராக் அலை 2023 ஜூலையில் ₹69,990-க்கு இந்தியாவுக்கு வந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் போர்ட்டல் 2024 ஆகஸ்டில் ₹18,990-க்கு வந்தபோது, வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருந்தால்தான் அதனால் பயன் இருந்தது. ஸ்டீம் டெக்கும் நின்டெண்டோ ஸ்விட்சும் முறைப்படி விற்பனைக்கு வராமல், இறக்குமதியாளர் வழியாகவே இந்தியக் கைகளுக்கு வந்து சேர்ந்தன. அப்படி வாங்குபவருக்கு இங்கே உற்பத்தியாளரின் உத்தரவாதம் கிடைப்பது கடினம். பெங்களூரில் இவற்றைத் தேடுவோர் மெஜஸ்டிக் அருகிலுள்ள நேஷனல் மார்க்கெட்டுக்கும், கணினி உதிரிபாகங்களுக்குப் பேர்போன எஸ்.பி. ரோட்டுக்கும் போகிறார்கள்.

வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது குச்சியின் வகை. பழைய முறையில் உள்ளே உராயும் தடம் தேயத் தேய, தொடாமலே பாத்திரம் தானாக நகரும் ‘டிரிஃப்ட்’ கோளாறு வரும். காந்தப்புலத்தை அளக்கும் ஹால் எஃபெக்ட் குச்சியில் உராய்வு இல்லாததால் அது நீண்டநாள் உழைக்கும். போன் உறையைக் கழற்றாமல் பொருந்துமா, ஆடும்போதே சார்ஜ் ஏற்ற வழியுண்டா என்பவை அடுத்த கேள்விகள். தினமும் ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோவில் நின்றபடி போகிறவருக்கு இரண்டு கையும் கேட்கும் கருவி உதவாது. உட்கார இடம் கிடைப்பவருக்கும், மாலையில் வீட்டில் ஆடுபவருக்குமே அது பொருந்தும்.