கண்டி வழக்காறும் சட்டக் கல்வியும்

ஹுன்னஸ்கிரியவை அடுத்த மெதமகாநுவரப் பகுதியில் 1815 பெப்ரவரி 18ஆம் நாள் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் சிறைப்பட்டான். மன்னன் வீழ்ந்தான், அவன் நாட்டு வழக்காறுகள் வீழவில்லை. மார்ச் 2ஆம் நாட் கண்டி ஒப்பந்தம் அவற்றைக் காப்பதாக உறுதியளித்தது.

அம்மரபின்படி, ‘தீக’ முறையில் மணந்து கணவனில்லம் செல்லும் மகள் தந்தை நிலத்திற் பங்கிழந்தாள். ‘பின்ன’ முறையிற் பிறந்தகத்தே வாழ்ந்தவள் இழக்கவில்லை. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த யாழ்ப்பாணத் தேசவழமையின் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் பாகுபாடுகளும் குடும்ப அமைப்பை அறியாதார்க்கு விளங்கா.

எனவே, 1947இல் தோன்றிப் பின்னர் பேராதனையில் இயங்கிய இலங்கைப் பல்கலைக்கழகச் சட்டத்துறை, கலைப்பீடத்துள் அமைந்தமை பொருத்தமே. வரலாறு பயிலும் மாணவர் சட்டத்தையும் துணைப்பாடமாகக் கற்பின், அது வயலிலும் மணப்பந்தலிலும் பிறப்பதை உணர்வர். மகளின் பங்கிழப்பு நீதியோ என வினவும் தகுதியும் அக்கல்வியாலேயே வரும்.