குவயரில் சண்டை: 1705-லும், இப்போதும்

புனே வந்த நாளிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஊரை விட்டு வந்தவர்களுக்கு சபை பாடகர் குழு என்பது பாதி சொந்தக்காரர் வீடு. அங்கே வரும் சண்டையும் சொந்தக்காரர் சண்டை மாதிரிதான் :-)

போன மாசம் ஒரு பயிற்சியில், டெனர் பாடும் அண்ணாச்சி சுருதி விட்டுக்கொண்டே இருந்தார். நான்கு தடவை திருத்தியும் சரிவரவில்லை. ஐந்தாவது தடவை, "அண்ணாச்சி, நீங்க சும்மா வாயை மட்டும் அசைங்க, போதும்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த இரண்டு வாரம் அவர் பயிற்சிக்கு வரவில்லை. நாங்கள் முதன்முதலாக இந்த ஊரில் வந்து இறங்கியபோது ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப்போனவர் அவர்தான்.

மனசு சரியில்லாமல் இருந்தபோது பாக் பற்றிப் படித்தது ஞாபகம் வந்தது. ஜோஹன் செபாஸ்டியன் பாக்தான். சங்கீதத்தில் மலை. ஆனால் 20 வயதில் அவர் ஒரு சபை ஆர்கனிஸ்ட், அவ்வளவே.

1703-ல், 18 வயதில், ஜெர்மனியின் ஆர்ன்ஸ்டாட் ஊர்ப் புதிய சபையில் ஆர்கன் வாசிக்கச் சேர்ந்தார். பாடவும் வாசிக்கவும் ஊர்ப் பள்ளி மாணவர்கள். அவர்களில் சிலர் பாக்கை விட மூத்தவர்கள், திறமையோ குறைவு. பாக்குக்குப் பொறுமையும் குறைவு. கையர்ஸ்பாக் என்ற மாணவர் பாசூன் வாசிப்பவர். சீவாளி வைத்து ஊதும் நீண்ட குழல் அது. அவர் வாசிப்பைக் கேலி செய்து பாக் ஒரு பட்டப்பெயர் வைத்தார்.

1705 ஆகஸ்ட் 4 இரவு, சந்தைத் திடலில் அந்த மாணவர் நண்பர்களோடு மறித்து, மன்னிப்புக் கேள் என்று தடியால் அடித்தார். பாக் வாளில் கை வைத்தார். இருவரும் கட்டிப் புரள, மற்றவர்கள் விலக்கிவிட்டார்கள். கோயில் பாட்டுக்காரர்களுக்குள் வாள்!

பாக் சபை மன்றத்தில் புகார் கொடுத்தார். மன்றம் மாணவரைக் கண்டித்தது. ஆனால் பாக்கையும் விடவில்லை. மாணவர்களோடு ஒத்துப்போகமாட்டீர் என்று ஏற்கெனவே பெயர் எடுத்திருக்கிறீர், மனுஷர் என்றால் குறையோடுதான் இருப்பார்கள், அவர்களோடுதான் வாழ வேண்டும் என்கிற மாதிரி புத்தி சொன்னது. மாணவர்களை வைத்துப் பாட்டு நடத்துவது தன் வேலையே இல்லை, ஆர்கன் மட்டும்தான் தன் பொறுப்பு என்பது பாக்கின் வாதம்.

அதோடு முடியவில்லை. நான்கு வார விடுப்பில் லூபெக் ஊருக்கு புக்ஸ்டஹூடேயின் வாசிப்பைக் கேட்கப் போனவர், நான்கு மாதம் கழித்துத்தான் திரும்பினார். 1706 பிப்ரவரியில் மறுபடி விசாரணை. பாட்டுக்கு நடுவே புதுப்புது ஸ்வரங்களைக் கலந்து சபையாரைக் குழப்புகிறார் என்று குற்றச்சாட்டு. முன்னிசை ரொம்ப நீளம் என்று சொன்னதற்கு, ரொம்பச் சின்னதாக வாசித்துக் காட்டினாராம்! 1707-ல் வேறு ஊருக்குப் போய்விட்டார். பிற்காலத்தில் லைப்சிக்கிலும் பாடகர் குழுவுக்குத் தலைமை மாணவனை யார் நியமிப்பது என்று 1736-ல் பெரிய தகராறு.

நிற்க. அதே 1706 ஜூலையில்தான் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பாக் ஆர்கனில் வாசித்த கோரல் வகைப் பாட்டுகள் பல, நம் ஞானப்பாட்டுகளாக வந்ததும் அந்த வழியில்தான்.

பாக்குக்காவது, குறைப்பட்டுக்கொள்ள பாக்கின் காது இருந்தது. எனக்கு என்ன இருக்கிறது? அந்த மன்றம் சங்கீதம் தெரிந்து பேசவில்லை. ஆனால் ஒரு விஷயம் சரியாகத் தெரிந்திருந்தது. திருத்துவது வேறு, பத்துப் பேர் முன்னால் சிரிக்க வைப்பது வேறு.

ஞாயிறு மத்தியானம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். "தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க" என்றேன். "அதை விடுங்க தம்பி, காப்பி குடிங்க" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மூணாவது வரிதான் எனக்குப் பிடிபடலை. தனியாச் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அரைமணி நேரம் நாங்கள் இருவர் மட்டும் உட்காருகிறோம். மூன்றாவது வரி இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் வருகிறது. பரவாயில்லை.